சிட்னியைத் தண்ணீர் வழியாகப் பார்ப்பது: சின்னப் பாய்ப்படகுக்காரர்கள் இங்கே வாருங்கள்

செம்பாய் (இழையைத் தொடங்கியவர்)

ஹோம்புஷ் கடைத்தெருவில் பத்து வருடத்துக்கும் மேலாக முருங்கைக்காயும் இடியப்பமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹோம்புஷ் குடா இருக்கிறது. 1911இல் கட்டிய ஒரு நீராவிக் கப்பல் அதில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் வயிற்றுக்குள் அலையாத்தி மரங்கள் காடாக வளர்ந்து நிற்கின்றன. இதெல்லாம் போன வருடம்தான் எனக்குத் தெரியும். ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கியதால் தெரிந்தது.

நான் சிவகங்கைப் பக்கம். வானம் பார்த்த பூமி. நீச்சல் பழகியது கிணற்றில். கடல், படகு எதுவும் தெரியாமல்தான் இந்த ஊருக்கு வந்தேன். ரயிலில் பாலத்தைக் கடக்கும்போது கீழே தெரியும் வெள்ளைப் பாய்களைப் பார்த்து, அது வசதியானவர்கள் விளையாட்டு என்று நினைத்து இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அது தப்பு என்று சொல்லத்தான் இந்த இழை.

என்னுடையது மிரர் டிங்கி. நீளம் 3.3 மீட்டர், எடை 45 கிலோ சொச்சம். 1962இல் லண்டன் நாளிதழ் ஒன்றின் ஆதரவில் வடிவமைத்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டி, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வடிவமைப்பின் நோக்கம். பாய் சிவப்பு. என் பெயர்க்காரணம் அதுதான். உலகம் முழுக்க பல்லாயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள், அதனால் பழைய படகு மலிவாகக் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு நல்ல சைக்கிள் விலைக்கு.

இந்தப் படகில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு விஷயங்கள். ஒன்று, பாய்மரம் குட்டையானது. அதன் மேல் இன்னொரு கழி வழுக்கி ஏறி நிற்கும். இறக்கினால் எல்லாமே படகுக்குள் அடங்கிவிடும். தாழ்ந்த பாலம் வந்தால் இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டுக் கடந்துவிடலாம். இரண்டாவது, அடியில் இருக்கும் நடுப்பலகையை மேலே உருவிவிட்டால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் போகும். பெரிய பாய்க்கப்பல்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாத ஓடைக்குள் நாம் போகலாம்.

முதல் பயணத்தைச் சொல்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறு. பட்னியில் கிஸ்ஸிங் பாயின்ட் பூங்காப் படகுத்துறையில் இறக்கினோம், நானும் ஒன்பது வயது மகளும். வடகிழக்குக் காற்று இலேசாக ஆரம்பித்திருந்தது. பெருக்கு, அதாவது கடல் ஓதம், ஏறும் நேரம். காற்றும் தண்ணீரும் சேர்ந்து மேற்கே கொண்டுபோனது. ரைட் பாலம், அதை ஒட்டி ரயில் பாலம். தலைக்கு மேலே ரயில் போகும்போது அடியில் மிதப்பது தனி அனுபவம். மகள் கையை ஆட்டினாள், யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஆயிரம் முறை அதே ரயிலில் நான் அப்படித்தான் போயிருக்கிறேன்.

பாலம் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால் ஹோம்புஷ் குடா. குறுக்கே பென்னலாங் பாலம். அங்கே பாய்மரத்தை இறக்கினோம். உள்ளே போனதும் அந்தக் கப்பல், எஸ்எஸ் ஏர்ஃபீல்ட். இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் அமெரிக்கப் படைகளுக்குச் சாமான் ஏற்றிப் போனது. பிறகு நியூகாசிலிலிருந்து நிலக்கரி சுமந்தது. 1972இல் உடைப்பதற்காக இங்கே கொண்டுவந்தார்கள், உடைக்காமலே விட்டார்கள். அப்போது இந்தக் குடாவே கப்பல் உடைக்கும் இடம். துருப்பிடித்த தகடும் பச்சை இலையும் அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது மகள் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அவள் அப்படி இருப்பது அபூர்வம்.

அப்புறம் நான் செய்த தப்பு. கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நேரம் போனது தெரியவில்லை. பெருக்கு முடிந்து தண்ணீர் வெகுநேரமாக வடிந்துகொண்டிருந்தது. வற்று முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது சேற்றில் தட்டியது. இறங்கித் தள்ள முடியாது. இந்தக் குடாவின் சேற்றில் பழைய ரசாயனத் தொழிற்சாலைகளின் டயாக்சின் என்ற நச்சு படிந்திருக்கிறது, தவிர இடுப்பளவு புதையும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கொண்டுபோன புளிசாதம் காப்பாற்றியது. எதிரே சேற்றுத் திட்டில் நீண்ட அலகுப் பறவைகள் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவை பட்டைவால் மூக்கன்கள், ஆர்க்டிக் பக்கத்திலிருந்து கோடைக்கு இங்கே வருபவை. தட்டாமல் இருந்திருந்தால் அவற்றை இரண்டு மணி நேரம் பார்த்திருக்கவே மாட்டோம். ஆனாலும் குழந்தையோடு போகும்போது ஓத அட்டவணையை அப்படி மறந்தது தப்புதான்.

சிட்னித் துறைமுகம் என்பது ஒரே ஒரு குடா இல்லை. பரமட்டா ஆறு, லேன் கோவ் ஆறு, மிடில் ஹார்பர், நார்த் ஹார்பர் எல்லாம் சேர்ந்து சுமார் 55 சதுர கிலோமீட்டர். பனியூழிக்குப் பின் கடல்மட்டம் ஏறியபோது மணற்கல்லை அறுத்து ஓடிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மூழ்கி உண்டானது. அதனால்தான் கரை விரல் விரலாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு விரலுக்குள்ளும் போய்ப் பார்க்க எனக்கு ஆசை. நீங்கள் போன இடங்களை எழுதுங்கள்.

துடுப்பு

அருமையான தொடக்கம் அண்ணா. நான் ஏழு வருடமாக கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்ன ஓடத்தில், அதே பக்கம் சுற்றுகிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஓடைக்குள் போகவும் கரையோரம் பார்க்கவும் கயாக்தான் சரி. காற்று இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டாம், மரம் இறக்க வேண்டாம், காரின் கூரையிலேயே கட்டிப் போகலாம். ரோட்ஸ், வென்ட்வொர்த் பாயின்ட் பக்கம் அடுக்குமாடிகள் வந்தபிறகு காற்று சுழன்று சுழன்று அடிக்கிறது. அதில் பாய் வைத்து என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, ஆற்றில் தூண்டில் போடும் நம்மவர்களுக்கு. பாலத்துக்கு, அதாவது ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கே பிடிக்கும் மீனை, அந்த டயாக்சின் காரணமாக, சாப்பிடவே வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. 2006இலிருந்து துறைமுகத்துக்குள் வணிக மீன்பிடியே கிடையாது. கிழக்கே பிடித்தாலும் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். அலையாத்தி திரும்பி வளர்ந்துவிட்டது, பறவை வந்துவிட்டது, அதனால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் குழம்பு வைத்துவிடாதீர்கள்.

செம்பாய்

மீன் விஷயம் எழுதியதற்கு நன்றி. எல்லோரும் கவனிக்க வேண்டியது.

காற்று சுழல்வது உண்மை. கட்டடங்களுக்குப் பின்னால் பாய் தொங்கிவிடும், அடுத்த நொடி பக்கவாட்டில் அறையும். அங்கே நான் துடுப்புத்தான் போடுகிறேன். ஆனால் கயாக்கில் நீங்கள் பார்ப்பது துடுப்பின் வேகத்தில். பாயில் போனால் ஊரின் காற்று புரிய ஆரம்பிக்கிறது. எந்த முனைக்குப் பின்னால் காற்று செத்துக் கிடக்கும், எந்தப் பள்ளத்தாக்கு வழியாக அது இறங்கி வரும், மதியம் எத்தனை மணிக்குத் திரும்பும் என்றெல்லாம் கவனிக்கிறோம். இங்கே பத்து வருடம் இருந்தும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. இப்போது காலையில் சன்னலைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். மூன்று பேரும் ஒரு நாள் சாப்பாடும் ஏறும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

வடமராட்சியான்

தம்பி செம்பாய், வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். எழுபத்தொரு வயது. சின்ன வயதில் மாமாவின் வள்ளத்தில் பாய் பிடித்தவன்.

பாயை இழுக்கும் கயிற்றைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். தாமான். பாயின் கீழ்மூலையில் கட்டி, காற்றுக்கு இறுக்கியும் தளர்த்தியும் பிடிக்கிற கயிறு. பாயைத் தாங்குகிற குறுக்குக் கழி பருமல். முன்பக்கம் அணியம், பின்பக்கம் கடையார், திருப்புவது சுக்கான். உங்கள் மகளுக்கு இந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். படகில் அவசரத்தில் கத்தும்போது சின்னச் சொல்தான் உதவும். 'தாமானை விடு' என்றால் போதும்.

காற்றைப் பற்றி. எங்கள் பக்கம் காற்றுக்குத் திசையை வைத்தே பெயர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம். சோழகம் தொடங்கினால் எந்தப் பக்கத்துக் கடல் அடங்கும், எந்தப் பக்கம் குமுறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாடை வந்தால் பட்டம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுவது இன்றும் பெரிய விழா. நாங்கள் பருவத்துக்கு ஒரு காற்றென்று பழகியவர்கள். சிட்னியிலோ கோடையில் ஒரே நாளுக்குள் மூன்று காற்று. விடிய மேற்கு அல்லது ஒன்றுமில்லை, மத்தியானம் வடகிழக்கு, சில நாட்களில் பின்னேரம் திடீரென்று தெற்கு. முதல் இரண்டு வருடம் அதில் நான் குழம்பிப்போனேன்.

வல்வெட்டித்துறை என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். எங்கள் ஊர் மாலுமிகள் அதைப் பாயிலேயே ஓட்டிப்போய் 1938இல் மாசசூசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய்ப்படகு வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்று இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

தென்காற்று

ஐயா சொன்ன அந்தத் தெற்குக் காற்றைப் பற்றி நான் எழுதவேண்டும். என் பெயரே அதுதான்.

இங்கே சதர்லி பஸ்டர் என்பார்கள். வசந்தமும் கோடையும்தான் அதன் காலம். காலையிலிருந்து வடமேற்கிலிருந்து அனல் காற்று, ஊரே வேகும். பிறகு திடீரென்று காற்று நின்றுவிடும். தெற்கு வானில் சில நேரம் சுருட்டிவைத்த பாய் மாதிரி ஒரு மேகம். நிற்பது சில நிமிடம்தான். அப்புறம் தெற்கிலிருந்து ஒரே அடி. சில நிமிடங்களில் வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி இறங்கும். 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வீச்சுகள் வருவதும் உண்டு. இரண்டு வருடம் முன்பு ரோஸ் பே அருகே நான் மாட்டினேன். பாயை இறக்கக் கை போவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது. நண்பனும் நானும் மூன்று தடவை நிமிர்த்தினோம், மூன்று தடவையும் கவிழ்த்தது. நான்காவது தடவை பாயைத் தண்ணீருக்குள்ளேயே அவிழ்த்துச் சுருட்டிவிட்டு நிமிர்த்தினோம், நின்றது. முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

அதனால் இப்போது கிளம்பும் முன் வானிலைத் துறையின் பக்கத்தில் தெற்கே நௌரா, வொலங்கோங், கர்னெல் நிலையங்களின் காற்றுப் பதிவைப் பார்க்கிறேன். காற்று அங்கே தெற்காகத் திரும்பிவிட்டால் நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் இறங்குவதில்லை.

புதியவர்களுக்குச் சில விதிகள். ஆரஞ்சு நிற வைரக் குறி தாங்கிய ஃபெரி வந்தால் வழி அதற்குத்தான். 'பாய்க்கு விசைப்படகு வழிவிடும்' என்று புத்தகத்தில் படித்தது அங்கே செல்லாது. பெரிய கப்பலுக்கு முன்னால் 500 மீட்டர், பக்கவாட்டிலும் பின்னாலும் 30 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். கார்டன் ஐலண்ட் கடற்படைத் தளத்தை ஒட்டிப் போகக்கூடாது. சர்க்குலர் கீ குடாவுக்குள் நம் படகுகளுக்கு இடமில்லை. ஹார்பர் பிரிட்ஜுக்கு அடியில் நிற்பதோ மிதப்பதோ நங்கூரம் போடுவதோ கூடாது. நான் சின்ன மோட்டாரை முடுக்கி நேராகக் கடந்துவிடுவேன், மோட்டார் இல்லாதவர்கள் பாலத்தின் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமே படகைக் காரில் கொண்டுபோய் இறக்குவது நல்லது.

துடுப்பு

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிஸ்ஸிங் பாயின்டிலிருந்து கிழக்கே போனால் பட்னிக்கும் மோர்ட்லேக்குக்கும் நடுவில் கார்களை ஏற்றிப் போகும் கம்பிவடப் படகு வரும். 1928இலிருந்து ஓடுகிறது. வடம் தண்ணீருக்குள் கிடக்கிறது, படகு நகரும்போது அருகே விறைத்து மேலே எழும். நடுப்பலகை அதில் மாட்டினால் கஷ்டம். அது கரை சேரும்வரை காத்திருந்து கடக்கவேண்டும்.

அடையாறுவாசி

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று மாலை திரு.வி.க. பாலத்தில் நின்று அடையாற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மனசு கனத்துப்போனது. இத்தனை நீர்வழி எங்கள் ஊரிலும் இருக்கிறது. கூவம், அடையாறு, நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை உப்பும் விறகும் படகில் வந்த வழி அது. இன்று நகரத்துக்குள் அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. முகத்துவாரங்களை மணல் அடைக்கிறது, தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் எங்கள் ஊரில் பாய்ப்படகே இல்லை என்று சொல்ல முடியாது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழி இருக்கிறது. ஊரூர் குப்பத்தில் மீனவர்களோடு பேசினால் கடலோட்டத்துக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி.

செம்பாய், உங்கள் படகு தைத்துக் கட்டியது என்றதும் மசூலா நினைவுக்கு வந்தது. துறைமுகம் கட்டுவதற்கு முன் மெட்ராஸில் கப்பலிலிருந்து ஆட்களை அலை தாண்டிக் கரை சேர்த்த படகு. அதிலும் ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்தது. அலையில் மோதும்போது வளைந்து கொடுக்கும், உடையாது.

ஒரு வேண்டுகோள். சிட்னியில் நான் பார்க்க ஆசைப்படும் ஒன்றே ஒன்று, எம்டனை அடித்த கப்பலின் பாய்மரம். தண்ணீரிலிருந்து அதைப் பார்த்தவர் யாராவது எழுதுவீர்களா?

செம்பாய்

இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை! சொல்கிறேன்.

பிராட்லிஸ் ஹெட் முனையில் அந்த மரம் நிற்கிறது. எச்எம்ஏஎஸ் சிட்னி என்ற போர்க்கப்பலின் முன்பாய்மரம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸைக் குண்டு வீசித் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது நமக்கெல்லாம் தெரியும். ஏழு வாரம் கழித்து நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டனை முடித்தது இந்தச் சிட்னிதான். எங்கள் ஊரில் சாமர்த்தியக்காரப் பையனை 'சரியான எம்டன்' என்பார்கள். அந்தச் சொல்லோடு வளர்ந்த நான், அதற்கு முடிவு கட்டிய கப்பலின் மரத்துக்குக் கீழே சிவப்புப் பாயில் மிதந்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

ரோஸ் பே படகுத்துறையில் காலை எட்டுக்கு இறக்கினோம். அங்கே கடல் விமானங்கள் இறங்கும், கண் வைத்துக்கொள்ளவேண்டும். 1938இல் அந்தக் குடாவில்தான் சிட்னியின் முதல் பன்னாட்டு விமான நிலையம், பறக்கும் படகுகளுக்காக. ஷார்க் ஐலண்டைத் தாண்டி, கப்பல் பாதையை நேர்க்கோட்டில் சீக்கிரமாகக் குறுக்கே கடந்தோம். முனையை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு கல்தூண் தனியாக நிற்கும். பழைய தலைமைத் தபால் நிலையத்திலிருந்து கொண்டுவந்த தூண் அது. அதிலிருந்து ஃபோர்ட் டெனிசன் சரியாக ஒரு கடல்மைல். கப்பல்களின் வேகத்தை அளக்க வைத்தது. நாங்களும் அளந்தோம். ஒரு கடல்மைலுக்கு இருபத்திரண்டு நிமிடம்.

ஃபோர்ட் டெனிசனை நான் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பேன். 1857இல் கட்டி முடித்த கோட்டை, ஒரு தடவைகூடப் போரில் சுட்டதில்லை. ஆனால் நாம் தினம் பார்க்கிற சிட்னி ஓத அட்டவணை அங்கே இருக்கும் அளவையை வைத்துத்தான். நான் சேற்றில் உட்கார்ந்த அன்று மறந்தது அந்தக் கணக்கைத்தான். ஆற்றின் மேல்பகுதிக்குப் பெருக்கு கொஞ்சம் பிந்தி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மழைக்குருவி

எல்லாரும் எழுதுவதை இரண்டு வாரமாக வாசிக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன்.

எனக்கும் போக ஆசை. என்னுடைய மகன், எட்டு வயது, பள்ளியில் யாரோ படகில் போனதைச் சொல்லிவிட்டு ஓயாமல் கேட்கிறான். ஆனால் நாங்கள் முல்லைத்தீவு. 2004இல் கடல் என்ன செய்தது என்று அம்மா கண்ணால் பார்த்தவர். தம்பியும் பெரியம்மா குடும்பமும் அன்றோடு இல்லை. அதன்பிறகு நடந்தவையும் கடலோடு சேர்ந்தே எங்களுக்கு நினைவு. அம்மா இங்கே வந்து ஒன்பது வருடம், ஒரு கடற்கரைக்கும் வந்ததில்லை. ஃபெரியில் ஏறமாட்டார். படகு என்ற சொல்லை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். நான் மகனைக் கூட்டிப் போனால் அவர் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார் என்று தெரியும்.

எனக்கு நீச்சல் கொஞ்சம்தான். கேட்பதற்குக் கேள்விகள்: எங்கே தொடங்குவது? கவிழ்ந்தால் என்ன? சுறா இருக்கிறதா? செலவு எவ்வளவு? எல்லாமே தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

வடமராட்சியான்

பிள்ளை, அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய், யாரோடு போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்தியே வந்து நில். கரையில் இருப்பவருக்கு வேண்டியது அதுதான். என் மனைவிக்கு நான் இருபது வருடம் அப்படித்தான் செய்தேன்.

என் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் நான் படகில் கால் வைக்கவில்லை. இங்கே வந்து ஒரு நாள் குளம் போல் கிடந்த நீரேரியில் ஒரு சின்னப் பிள்ளை தனியாகப் பாய் பிடித்துப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கை துடித்தது. உன் அம்மாவுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நான் சொல்லமாட்டேன். வராமலும் போகலாம். அதுவும் சரிதான்.

தென்காற்று

அக்கா, கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கே தொடங்குவது: துறைமுகத்தில் வேண்டாம். நராபீன் நீரேரிக்குப் போங்கள். பெரும்பாலும் ஆழமில்லை, ஃபெரி இல்லை, அலை இல்லை. ஏதாவது ஒரு பாய்ப்படகுக் கிளப்பில் பெரியவர்களுக்கான தொடக்கப் பயிற்சியில் சேருங்கள், படகு அவர்களுடையது. சொந்தப் படகை அப்புறம் யோசிக்கலாம்.

கவிழ்ந்தால்: கவிழும். பயிற்சியில் முதல் நாளே வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வார்கள். கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று பின்பக்கம் சாய்ந்தால் படகு நிமிரும். காற்றுப் பெட்டிகள் இருப்பதால் மூழ்காது. ஒரே விதி, படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. உயிர்காப்பு அங்கி எப்போதும் உடம்பில். 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இந்த அளவுப் படகில் அது சட்டம்.

சுறா: பொய் சொல்லமாட்டேன், இருக்கிறது. தண்ணீர் சூடாகும் மாதங்களில் புல் ஷார்க் துறைமுகத்துக்குள் வரும். 2024 ஜனவரியில் எலிசபெத் பேயில் ஒரு பெண்ணைக் கடித்தது. விடியலிலும் அந்தியிலும் மழைக்குப் பிந்திய கலங்கல் தண்ணீரிலும் குளிக்காதீர்கள். பெருமழைக்குப் பிறகு மூன்று நாள் துறைமுகத்துக்குள் இறங்காமல் இருப்பது சுறாவுக்கு மட்டுமல்ல, சாக்கடைக்கும் சேர்த்து நல்லது.

செலவும் உரிமமும்: 5.5 மீட்டருக்குக் குறைந்த, இயந்திரம் இல்லாத பாய்ப்படகுக்குப் பதிவு வேண்டாம். 10 நாட் வேகத்துக்கு உட்பட்டதற்கு உரிமம் வேண்டாம். அங்கிக்கும் நல்ல துடுப்புக்கும் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

கொஞ்சம் பழகியபின் மிடில் ஹார்பர் வாருங்கள், கூட்டிப் போகிறேன். ஸ்பிட் பாலத்தைச் சின்னப் பாய்ப்படகு பெரும்பாலும் திறக்காமலே கடந்துவிடும், பெரிய மரம் வைத்தவர்கள் குறித்த நேரத்துக்குக் காத்திருப்பார்கள். உள்ளே பான்ட்ரி பே. இரண்டு பக்கமும் காடு, வீடே கிடையாது. கரையில் பழைய வெடிமருந்துக் கிடங்குகள் வரிசையாக நிற்கும். 1974 வரை ஊருக்கான வெடிமருந்து அங்கேதான். வெடிமருந்துக்குப் பயந்து ஒதுக்கிவைத்ததால் அந்தக் காடு தப்பியது. நகரத்தின் நடுவே லயர்பேர்ட் என்ற காட்டுப் பறவை கத்துவதை அங்கேதான் கேட்டேன்.

துடுப்பு

மழைக்குருவி, ஒன்று சொல்ல ஆசை. இந்தத் துறைமுகத்தில் முதலில் படகோட்டி மீன் பிடித்தவர்கள் பெண்கள். வெள்ளையர் வந்தபோது இங்கிருந்த பூர்வகுடிப் பெண்கள் மரப்பட்டையில் செய்த நவி என்ற சின்னஞ்சிறு ஓடத்தில், மடியில் குழந்தையோடு, ஓடத்தின் நடுவே களிமண் திட்டில் தீ மூட்டி, சிப்பியில் செதுக்கிய தூண்டிலால் மீன் பிடித்து அங்கேயே சுட்டுக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாரங்காரூ என்று நகரத்தின் புதிய பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது அப்படி ஒரு மீன்காரப் பெண்ணின் பெயர். அங்கே வேலைக்குப் போகிற நம்மவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள், ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. கோட் ஐலண்டைக் கடக்கும்போது ஒரு கயாக் வழிகாட்டி சொன்னார். அந்தத் தீவின் பெயர் மெ-மெல் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

மழைக்குருவி

நவியைப் பற்றி மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பக்கத்து அறையில் இருந்தார். 'படகுக்குள் நெருப்பா, எப்படி?' என்று கேட்டார். அவ்வளவுதான், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நராபீனில் பயிற்சிக்குப் பதிந்துவிட்டேன்.

மழைக்குருவி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐந்து வகுப்பு முடிந்தது. நான்கு தடவை கவிழ்ந்தேன், இரண்டு வேண்டுமென்றே. முதல் தடவை தண்ணீருக்குள் போனபோது நெஞ்சு அடைத்தது, கத்திவிட்டேன். பயிற்சி தந்த பெண் பக்கத்திலேயே மிதந்துகொண்டு, காலைக் கீழே வை என்றார். வைத்தேன். தண்ணீர் மார்பளவுதான்.

போன சனிக்கிழமை மகனை ஏற்றினேன். ஐயா சொன்னபடி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பதினொரு மணிக்கு வருவேன் என்றேன். அம்மா காரில் வந்தார், இறங்கவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து நீரேரி தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்தரைக்கு வந்து நின்றேன். மகன் 'அம்மம்மா, தாமான் நான்தான் பிடிச்சேன்' என்று ஓடினான். 'அந்தச் சொல்லை யார் உனக்குச் சொன்னது?' என்று கேட்டார். தாத்தா பிடித்த கயிறு அது என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது, தாத்தாவுக்குப் பாய் வள்ளம் இருந்ததென்று.

அடுத்தது ஏர்ஃபீல்ட் பார்க்க வேண்டும். எங்களையும் கூட்டிப் போவீர்களா?

வடமராட்சியான்

அம்மாவின் அப்பா எந்தத் துறையில் வள்ளம் வைத்திருந்தார் என்று கேட்டு எழுது பிள்ளை. எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.

செம்பாய்

கட்டாயம் வாருங்கள். வரும் ஞாயிறு பெருக்கு 10.40க்கு. 8.30க்குக் கிஸ்ஸிங் பாயின்ட் படகுத்துறை. தென்காற்று வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் படகில் நீங்களும் மகனும் ஏறலாம். இந்தத் தடவை 11.15க்குக் குடாவை விட்டு வெளியே வந்துவிடுவோம், நான் கைக்கடிகாரத்தில் மணி வைத்திருக்கிறேன். ரைட் பாலத்துக்குக் கிழக்கே கரையில் பெஞ்சுகள் இருக்கின்றன, நாங்கள் போவதும் வருவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அம்மா வந்தால் அங்கே உட்காரலாம். புளிசாதம் எங்கள் வீட்டிலிருந்து.